அப்பா தேய்க்கிறாரா?

கேள்வி: என் மகனுக்கு 5 வயது. காலையில் சொன்னதும் பல் தேய்த்துவிடுகிறான். இரவில் பிரஷ்ஷை எடுத்தாலே அழுகைதான். "அப்பா தேய்க்கல, தாத்தா தேய்க்கல, நான் மட்டும் ஏன்?" என்கிறான். மாமியாரோ, "பால் பல்லுதானே, விழுந்து முளைக்கப் போகுது, பிள்ளையை ஏன் அழவைக்கிற?" என்கிறார். கடைவாய்ப் பல் ஒன்றில் பழுப்பாக ஒரு புள்ளி தெரிகிறது. நான் என்ன செய்யட்டும் டாக்டர்?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் மகன் கேட்பது நியாயமான கேள்வி. கிருமி, சொத்தை என்று நீங்கள் எவ்வளவு விளக்கினாலும் அந்த வயதுக்கு அது எடுபடாது. காலையில் அவன் ஏன் அழாமல் தேய்க்கிறான் என்று யோசித்துப் பாருங்கள். காலையில் வீட்டில் எல்லோரும் தேய்க்கிறார்கள். பல் விளக்காமல் காபி டம்ளரைத் தொட்டால் பாட்டியே சத்தம் போடுவார். அந்தக் கட்டுப்பாடு நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. இரவுக்கு மட்டும் அப்படி ஒரு வழக்கம் நம்மிடம் இல்லை. எல்லோரும் செய்வதைப் பிள்ளை செய்கிறான், யாரும் செய்யாததைச் செய்ய மறுக்கிறான். இதில் பிடிவாதம் என்று ஒன்றும் இல்லை.

ஆனால் பல்லுக்கு முக்கியமான வேளை இரவுதான். தூங்கும்போது எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். பகலெல்லாம் பல்லைக் கழுவிக்கொண்டிருந்த அந்தக் காவல் இரவில் இல்லை. படுக்கும் முன் சர்க்கரை போட்ட ஒரு டம்ளர் பாலைக் குடித்துவிட்டு அப்படியே தூங்கினால், பல்லிடுக்கில் தங்கிய இனிப்பைக் கிருமிகள் விடிய விடிய அமிலமாக்கிக்கொண்டிருக்கும். பாலை நிறுத்தச் சொல்லவில்லை. பால் முதலில், பிரஷ் அதற்கு அப்புறம், பிறகு தண்ணீர் மட்டும். இந்த வரிசை மாறாமல் இருந்தால் போதும்.

சரி, அவனை எப்படிச் சம்மதிக்கவைப்பது? முதலில் உங்கள் கணவரிடம் பேசுங்கள். நாளை இரவு அவரும் மகனும் சேர்ந்து வாஷ்பேசின் முன்னால் நிற்கட்டும். பனியன் கம்பெனி வேலை முடிந்து அவர் வருவதற்குள் பிள்ளை தூங்கிவிடுவான் என்றால், தாத்தாவைக் கூப்பிடுங்கள். தாத்தாவுக்குப் பல்செட் என்றால், அதைக் கழற்றிக் கழுவும் நேரத்தை அதே நேரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை, அம்மா ஒருத்தியே பிரஷ்ஷோடு பின்னால் ஓடும் வீடுகளில்தான் இந்தச் சண்டை நீள்கிறது. வீட்டு ஆண் ஒருவர் கூட நின்றாலே பல பிள்ளைகள் இறங்கி வருகிறார்கள்.

கூட நிற்பதோடு வேலை முடியவில்லை. சட்டைப் பட்டனைத் தானாகப் போடத் தடுமாறும் விரல்களால் கடைவாய் வரை சுத்தமாகத் தேய்க்க முடியாது. அவன் ஆசைக்கு அவன் தேய்க்கட்டும், அப்புறம் பெரியவர் ஒருவர் மறுபடி தேய்த்துவிட வேண்டும். 7, 8 வயது வரை இது தேவை. அவன் தலையை உங்கள் மடியில் சாய்த்துக்கொண்டால் வாய் நன்றாகத் தெரியும், இரண்டு நிமிடம் போதும். பேஸ்ட் பட்டாணி அளவு வைத்தால் போதும். 3 வயதுக்குள் என்றால் அரிசி அளவு. விளம்பரத்தில் பிரஷ் நிறைய அலை அலையாகப் பிதுக்குவதைப் பார்த்துப் பழகாதீர்கள். சொத்தை வராமல் பல்லை உறுதிப்படுத்தும் ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட்டாகவே வாங்குங்கள். தேய்த்ததும் துப்பட்டும், தண்ணீர் விட்டு நிறையக் கொப்பளிக்க வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போல நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு அதிகம் உள்ள ஊர்க்காரர்கள் மட்டும் தங்கள் பல் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு பேஸ்ட்டைத் தேர்ந்தெடுக்கலாம்.

உங்கள் மாமியாரோடு சண்டை வேண்டாம். பேரன் அழக்கூடாது என்ற பாசத்தில்தான் சொல்கிறார். அவர் சொல்வதில் பாதி சரி. முன்பற்கள் 6, 7 வயதில் விழத் தொடங்கும். ஆனால் கடைவாய்ப் பால் பற்கள் 10 முதல் 12 வயது வரை இருக்கும். அதாவது இன்னும் ஐந்தாறு வருடம் அவன் மெல்ல வேண்டியது அந்தப் பற்களால்தான். சொத்தை வேர் வரை போய்ச் சீழ் பிடித்தால் அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லையும் பாதிக்கலாம். சீக்கிரமே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து புதுப் பல்லுக்கு இடமில்லாமல் போகலாம்.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள். 6 வயதை ஒட்டி, எந்தப் பல்லும் விழாமலேயே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கும். பல பெற்றோர் அதையும் பால் பல் என்று நினைத்துக் கோட்டைவிடுகிறார்கள். அது ஆயுளுக்கும் இருக்க வேண்டிய பல். 9 வயதில் அந்தப் பல்லை இழந்துவிட்டு வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால், குச்சியால் தேய்த்துப் பழகியவர்கள் தேய்க்கட்டும். பிள்ளையின் ஈறுக்குக் குச்சி முரடு. விரலால் தேய்க்கும் பல்பொடி கடைவாய்ப் பல்லின் பள்ளங்களுக்குள் போகாது. சாம்பல், கரி, செங்கல் தூள் பல்லின் கெட்டியான மேலடுக்கான எனாமலைத் தேய்த்துவிடும்.

பெரியவர்களின் வாயிலுள்ள சொத்தைக் கிருமிகள் ஒரே ஸ்பூனில் ருசி பார்த்து ஊட்டும்போது பிள்ளைக்கும் போகும். ஆகவே உங்களுக்கோ கணவருக்கோ மாமியாருக்கோ அடைக்காத சொத்தை இருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள்.

அந்தப் பழுப்புப் புள்ளியைத் தள்ளிப்போடாதீர்கள். சொத்தை சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாக இருக்கும் ஆரம்பக் கட்டத்தில் ஃப்ளோரைடு பூச்சு, நல்ல தேய்ப்பு இவற்றாலேயே சரியாக வாய்ப்புண்டு. குழி விழுந்திருந்தால் அடைக்க வேண்டும். சின்னக் குழி என்றால் ஒரே தடவையில் முடிந்துவிடும். ஒன்றிரண்டு வாரத்துக்குள் காட்டுங்கள். பெரிய அரசு மருத்துவமனைகளிலும் பல் பிரிவு உண்டு. வலி, கன்னத்தில் வீக்கம், காய்ச்சல் என்று ஏதாவது வந்தால் அன்றே போய்விடுங்கள்.

அதுவரை "தேய்க்காட்டி டாக்டர் ஊசி போட்டுடுவார்" என்று வீட்டில் யாரும் பயமுறுத்த வேண்டாம். "பல்லை எண்ணிப் பார்ப்பார்" என்று மட்டும் சொல்லி, பிள்ளை சோர்ந்திருக்கும் மாலையாக இல்லாமல் காலை வேளையில் சாப்பிட்ட பிறகு அழைத்துப் போங்கள். முடிந்தால் மாமியாரும் கூட வரட்டும். அந்தப் பல்லை அவருக்கும் காட்டி விளக்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.