மதியம் மட்டும் திணறுற கம்ப்யூட்டர்: ரேம் இல்ல, சூடு

கம்ப்யூட்டர் திணறுதுன்னு ரேமை (வேலை நடக்கும்போது தகவலை வச்சுக்கிற மெமரி) 8 ஜிபி ஆக்கியும் பலன் இல்லைன்னா விடுங்க, குறை அதுல இல்ல. காலையில நல்லா ஓடி, மதியம் அரை மணி நேரத்துல திணறுதுன்னா சூடுதான். பிராசசர் (சிபியு, கணக்கெல்லாம் போடுற சிப்) ரொம்பக் கொதிச்சா தன் வேகத்தைத் தானே குறைச்சுக்கும். வள்ளியூர் மாதிரி காத்தடிக்கிற ஊர்ல, ஆடிக் காத்துக்கு ஹீட்சிங்க் (பிராசசர் சூட்டை இழுத்து வெளியேத்துற உலோகத் தகடுகள்) இடுக்குல புழுதி கம்பளி மாதிரி அப்பியிருக்கும்.

திணறும்போது விண்டோஸ் டாஸ்க் மேனேஜர்ல (Ctrl+Shift+Esc அழுத்தினா வரும்) பெர்ஃபார்மன்ஸ், சிபியு பாருங்க. வேலை நடக்கும்போதே 'ஸ்பீட்', 'பேஸ் ஸ்பீட்'டை (பிராசசரோட அடிப்படை வேகம்) விட நல்லா இறங்கியிருந்தா உறுதி.

பிளக்கைப் பிடுங்கிட்டு, ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கிட்டு, காஞ்ச பிரஷ்ஷால தட்டி எடுங்க. ஃபேனைச் சுத்த விட்டு ஊதினா அதோட பேரிங் போயிரலாம். ஹீட்சிங்க்கைக் கழற்றினா பிராசசருக்கும் அதுக்கும் நடுவுல சூட்டைக் கடத்துற பழைய பேஸ்ட்டைத் துடைச்சுட்டுப் புதுசு வச்சே ஆகணும்.

ஸ்பீட் இறங்காம, அதே டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் மட்டும் 100% நின்னா அது ஹார்ட் டிஸ்க் கோளாறா இருக்கலாம். முதல்ல போட்டோவையெல்லாம் வேற டிரைவுக்கு மாத்திருங்க.