உயிரியல் இளங்கலை வெறும் மனப்பாடம்தானா?

கேள்வி: உயிரியல் அறிவியலில் இளங்கலைப் பட்டப்படிப்பில் சேரப் போகிறேன். எல்லாமே மனப்பாடம்தான் என்று பலரும் பயமுறுத்துகிறார்கள். எப்படிப் படிப்பது? எனக்குக் கணக்கு அவ்வளவாக வராது, அது பிரச்சினையாகுமா?

பதில்:

பெயர்கள் நிறைய இருப்பது உண்மைதான். முதல் வருடப் பாடப்புத்தகத்தின் தடிமனைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கும். நான் இதே பட்டம் படித்தபோது எனக்குக் கைகொடுத்தது ஒரு பழக்கம்: எதைப் படித்தாலும் ‘இது எப்படித் தெரிந்தது?’ என்று கேட்டுவிடுவது. உங்களுக்கும் முதலில் இதைத்தான் சொல்வேன்.

டி.என்.ஏ. இரட்டிக்கும்போது ஒரு பழைய இழையும் ஒரு புதிய இழையும் சேர்ந்து புது மூலக்கூறு உருவாகிறது. பாடப்புத்தகத்தில் இது ஒரே வரி. பரீட்சையில் அதை எழுதிவிடலாம், அடுத்த மாதம் மறந்தும் போகலாம். அந்த வரிக்குப் பின்னால் 1958இல் மெசல்சன், ஸ்டால் என்ற இரு விஞ்ஞானிகள் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. ஈ. கோலை பாக்டீரியாவைக் கனமான நைட்ரஜன்-15 உள்ள ஊடகத்தில் பல தலைமுறைகள் வளர்த்தார்கள். அதனால் அவற்றின் டி.என்.ஏ. முழுக்கக் கனமாகிவிட்டது. பிறகு சாதாரண நைட்ரஜன்-14 உள்ள ஊடகத்துக்கு மாற்றினார்கள். தலைமுறைதோறும் டி.என்.ஏ.வை எடுத்து சீசியம் குளோரைடு கரைசலில் மிக வேகமாகச் சுழற்றினார்கள். அப்படிச் சுழற்றினால் டி.என்.ஏ. அதன் அடர்த்திக்கு ஏற்ற இடத்தில் ஒரு பட்டையாகப் போய் நிற்கும்.

ஒரு தலைமுறை கழித்துப் பார்த்தால் ஒரே ஒரு பட்டை, கனமான இடத்துக்கும் லேசான இடத்துக்கும் நடுவில். பழைய மூலக்கூறு அப்படியே இருக்க, முழுக்கப் புதிய ஒன்று பக்கத்தில் உருவாகிறது என்ற கருத்து அங்கேயே அடிபட்டது. அது சரியென்றால் கனமாக ஒன்று, லேசாக ஒன்று என்று இரண்டு பட்டைகள் வந்திருக்க வேண்டும். ஆனால் பழையதும் புதியதும் துண்டு துண்டாகக் கலந்துவிடுகின்றன என்று இன்னொரு கருத்தும் இருந்தது. அதன்படியும் நடுப்பட்டைதான் வரும் என்பதால் அதை இன்னும் தள்ள முடியவில்லை. இரண்டாம் தலைமுறையில் நடுவில் ஒன்று, லேசான இடத்தில் ஒன்று என்று இரண்டு பட்டைகள் தெரிந்தன. அதோடு அதுவும் போனது. இப்போது ஒரு தாளை எடுத்து, மூன்றாம் தலைமுறையில் எந்தப் பட்டையில் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே வரைந்து பாருங்கள். நடுவில் கால் பங்கு, லேசான இடத்தில் முக்கால் பங்கு என்று வந்தால் அந்தப் பாடம் முடிந்தது. அப்புறம் அதை யாரும் உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை.

எல்லாப் பாடத்துக்கும் இவ்வளவு நேரம் செலவிட முடியாது, சரி. பாடத்துக்கு ஒரு சோதனை போதும். அதைச் சுற்றி மற்ற விவரங்கள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து, பாடங்களைத் தனித்தனியாகப் படிக்காதீர்கள். மரபியல், உயிர்வேதியியல், உடலியங்கியல், சூழலியல் என்று அட்டவணையில் பிரித்துப் போடுவது கற்பிக்கும் வசதிக்காகத்தான். அரிவாள் செல் சோகை என்ற ஒரே நோயைக் கையில் எடுங்கள். டி.என்.ஏ.வில் ஓர் எழுத்து மாறி ஜி-ஏ-ஜி என்பது ஜி-டி-ஜி ஆகிறது. அதனால் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்து உட்கார்கிறது. குளூட்டாமிக் அமிலத்துக்கு எதிர்மின்சுமை உண்டு, வேலினுக்குக் கிடையாது. அதனால்தான் மின்புலத்தில் இந்த ஹீமோகுளோபின் வேறு மாதிரி நகர்கிறது என்று 1949இல் வேதியியலாளர் பாலிங்கின் குழுவினரால் காட்ட முடிந்தது. ஆக்சிஜன் குறைந்தால் இந்தப் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட நார்களாகி, சிவப்பணுவை அரிவாள் வடிவத்துக்கு வளைத்துவிடும். அந்தச் சிவப்பணுக்கள் நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைக்கும். இவ்வளவு கெடுதல் செய்யும் மரபணு மக்களிடையே ஏன் நிலைத்திருக்கிறது? அதன் ஒரு பிரதி மட்டும் உள்ளவர்களுக்குக் கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைக்கிறது. 1954இல் ஆலிசன் என்ற ஆய்வாளர் இதற்கான சான்றைத் தந்தார். ஓர் எழுத்தில் தொடங்கி மூலக்கூறு, செல், உடல், கொசு வாழும் சூழல், பரிணாமம் வரை வந்துவிட்டோம். இந்தப் படிப்பின் மேல் எனக்கு உள்ள பிரியமே இதனால் வந்ததுதான்.

ஆய்வகத்தைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். திரவத்தை அளந்து எடுக்கும் பிப்பெட்டின் முதல் நிறுத்தம் எது, இரண்டாவது எது என்பதெல்லாம் கொஞ்ச நாளில் கைக்குப் பழகிவிடும். கவனிக்க வேண்டியது கன்ட்ரோல், அதாவது முடிவை நம்பலாமா என்று ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் மாதிரி. பி.சி.ஆர். (டி.என்.ஏ.வின் ஒரு பகுதியைப் பல மடங்கு பெருக்கும் முறை) செய்யும்போது ஒரு குழாயில் டி.என்.ஏ.வுக்குப் பதில் வெறும் தண்ணீர் வைப்போம். ஜெல்லில் ஓட்டிப் பார்க்கும்போது அந்தக் குழாயிலும் பட்டை வந்துவிட்டால், எங்கோ வேறு டி.என்.ஏ. கலந்திருக்கிறது என்று அர்த்தம். மற்ற குழாய்களில் எவ்வளவு அழகான பட்டை வந்தாலும் அதை நம்ப முடியாது. பலர் இந்தத் தண்ணீர்க் குழாயைச் சடங்காக வைக்கிறார்கள். எந்தச் சோதனையிலும் ‘இந்தக் கன்ட்ரோல் எந்தச் சந்தேகத்தைத் தீர்க்க வைக்கப்பட்டிருக்கிறது?’ என்று கேட்டுப் பழகுங்கள். ஆய்வுக் கட்டுரை வாசிக்கவும் அதே கேள்வி உதவும். நோட்டை வேலை நடக்கும்போதே எழுதுங்கள். வீட்டுக்குப் போய் எழுதினால் எத்தனை நிமிடம் சூடாக்கினோம் என்பதே குழம்பிவிடும்.

இப்போது உங்கள் கணக்குப் பயம். தேவைப்படும் கணக்கில் பெரும்பகுதி கடினமானதல்ல, ஆனால் தினமும் தேவைப்படும். ஒரு பாக்டீரியா கரைசலைப் பத்து லட்சம் மடங்கு நீர்க்கச் செய்து, அதில் 0.1 மில்லிலிட்டரைத் தட்டில் பரப்புகிறீர்கள். 150 பாக்டீரியாக் கூட்டங்கள் (காலனிகள்) வளர்கின்றன. அப்படியென்றால் மூலக் கரைசலின் ஒரு மில்லிலிட்டரில் வளரக்கூடிய பாக்டீரியா சுமார் 150 கோடி. இதைத் தடுமாறாமல் போட வந்தால் ஆய்வகக் கணக்கில் பாதி வந்த மாதிரி.

மீதிப் பாதி புள்ளியியல். மெண்டலின் பட்டாணியில் உருண்டை விதை 5474, சுருங்கிய விதை 1850. மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் சரியாக இருந்திருந்தால் 5493, 1831 வந்திருக்க வேண்டும். 19 விதை வித்தியாசம் தற்செயலா, இல்லை விகிதமே தவறா? எதிர்பார்த்த எண்ணிலிருந்து கிடைத்த எண் எவ்வளவு விலகுகிறது என்று அளக்கும் கை-வர்க்கச் சோதனை (chi-square) போட்டால் 0.26 வருகிறது. அதைத் தாண்டினால்தான் விகிதத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்ற வழக்கமான எல்லை 3.84. அதற்கு வெகு கீழே இருப்பதால், தற்செயலாகவே இவ்வளவு விலகல் வரலாம் என்று சொல்லிவிடலாம். கூட்டல், பெருக்கல், வகுத்தலைத் தாண்டி இதில் எதுவும் இல்லை. புள்ளியியலை ‘பாஸானால் போதும்’ என்று விடுகிற மாணவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் கடைசி வருட ஆய்வுத் திட்டத்தில் அவர்கள்தான் தங்கள் தரவுகளை வைத்துக்கொண்டு திணறுகிறார்கள்.

தாவரவியலையும் ஒதுக்காதீர்கள். மனித உடல்தான் சுவாரசியம் என்று நினைத்து வருபவர்கள் அதிகம். ஆனால் மரபு விதிகள் பட்டாணியில் தெரிந்தன. இடம் மாறும் மரபணுக்களை மரபியலாளர் மெக்ளின்டாக் மக்காச்சோளத்தில் கண்டார், 1983இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. வைரஸ் என்ற ஒன்று இருப்பதற்கான முதல் தடயமே புகையிலைச் செடியின் நோயிலிருந்து வந்ததுதான்.

கடைசியாக, மனப்பாடம் செய்தே ஆக வேண்டிய பகுதிகளும் உண்டு. புரதங்களைக் கட்டும் இருபது அமினோ அமிலங்கள், செல் உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் வழியில் ஒரு பகுதியான கிரெப்ஸ் சுழற்சி போன்றவை. அவற்றைத் திரும்பத் திரும்ப வாசிப்பதில் பயன் குறைவு. புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத் தாளில் வரையுங்கள், விட்டுப்போனதை வேறு நிற மையால் நிரப்புங்கள், சில நாள் இடைவெளி விட்டு மறுபடி வரையுங்கள். கிரெப்ஸ் சுழற்சியில் பெயர்களோடு கார்பன்களையும் எண்ணிக்கொண்டே போங்கள்: நான்கோடு இரண்டு சேர்ந்து ஆறு, பிறகு ஐந்து, பிறகு மறுபடி நான்கு. போன இரண்டும் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகின்றன.

வகுப்பு தொடங்க இன்னும் நேரம் இருந்தால், மோல், செறிவு, மடக்கை, திட்டவிலக்கம் ஆகிய நான்கையும் ஒருமுறை தெளிவாகப் பார்த்துவிட்டுப் போங்கள். அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். என்பதே மடக்கைதான் என்பதால், உயிர்வேதியியல் ஆரம்பித்ததுமே அது வந்து நிற்கும்.