தேடியது ஒன்று, திறப்பது வேறொன்று: கணினிக் கேள்வி பதில்

கேள்வி: மகளுக்காகச் சாதாரண தரக் கடந்தகால வினாத்தாள்களைத் தேடியபோது ஓர் இணையத்தளத்தில் பெரிதாகத் தெரிந்த தரவிறக்கப் பொத்தானை அழுத்தினேன். அன்றிலிருந்து குரோமில் எதைத் தேடினாலும் கூகுள் வராமல் பெயர் தெரியாத ஒரு தேடற்பக்கம் திறக்கிறது. மட்டக்களப்பு நகரில் ஒரு கடையில் கொடுத்து மடிக்கணினியை பார்மட் செய்து எடுத்தோம். வீட்டுக்கு வந்து என் ஜிமெயில் கணக்கைக் குரோமில் இணைத்ததும் பழையபடியே ஆகிவிட்டது. கணினியே பழுதாகிவிட்டதா?
– ஆசிரியை, களுவாஞ்சிக்குடி

பதில்: கணினியில் பழுது எதுவும் இல்லை, பார்மட் செய்யக் கொடுத்த பணம்தான் வீண். கணக்கை இணைத்ததும் தொல்லை திரும்பியது என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே காரணம் தெரிகிறது. நீங்கள் அழுத்திய பொத்தான் வினாத்தாளைத் தராமல், குரோமுடன் ஒட்டிக்கொண்டு இயங்கும் ஒரு நீட்சியைச் சேர்க்க அனுமதி கேட்டிருக்கும். அவசரத்தில் அதற்கும் சம்மதம் கொடுத்திருப்பீர்கள். தேடுபொறியை மாற்றி, உங்கள் தேடலை விளம்பரப் பக்கங்களின் வழியே சுற்றி அனுப்பி, அதில் காசு பார்ப்பதே இத்தகைய நீட்சிகளின் தொழில். நீங்கள் கணக்கில் நுழைந்திருக்கும்போது குரோம் உங்கள் நீட்சிகளையும் அமைப்புகளையும் அந்தக் கணக்குடன் சேர்த்துக் கூகுளிடம் சேமித்து வைக்கிறது. ஆகவே வன்தட்டை எத்தனை முறை துடைத்தாலும், கணக்கை இணைத்தவுடன் அந்த நீட்சியும் கூடவே வந்து சேரும்.

கணக்கில் நுழைந்த நிலையிலேயே குரோமின் நீட்சிகள் பக்கத்தைத் திறந்து, நீங்கள் அறிந்து சேர்க்காத ஒவ்வொன்றையும் அகற்றுங்கள். அப்போதுதான் கூகுளிடம் உள்ள பிரதியிலிருந்தும் அது நீங்கும். அடுத்து, அமைப்புகளில் தேடுபொறியையும் குரோம் தொடங்கும்போது திறக்கும் பக்கத்தையும் சரிபார்த்து, அங்கேயே உள்ள மீட்டமைப்பு வசதியையும் ஒரு முறை பயன்படுத்துங்கள். அகற்றும் பொத்தானே இயங்காமல், “உங்கள் உலாவி உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது” என்ற அறிவிப்பு வீட்டுக் கணினியில் தோன்றினால், விண்டோஸுக்குள்ளேயே ஒரு நிரல் அமர்ந்துகொண்டு அந்த நீட்சியைத் திணிக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது நிறுவப்பட்ட நிரல்களின் பட்டியலைத் திகதி வரிசையில் பார்த்து, தொல்லை தொடங்கிய நாளை ஒட்டி வந்தவற்றை நீக்குங்கள். பின்னர் விண்டோஸுடனேயே வரும் வைரஸ் நீக்கியான மைக்ரோசொப்ட் டிஃபெண்டரின் ஒஃப்லைன் சோதனையையும், மல்வெயார்பைட்ஸ் நிறுவனம் இலவசமாகத் தரும் அட்வ்கிளீனர் என்ற துப்புரவு நிரலையும் ஓட்டிப் பாருங்கள். குரோமிலேயே ஒரு துப்புரவுக் கருவி உண்டு என்று பழைய யூடியூப் காணொளிகள் சொல்வதை நம்பித் தேட வேண்டாம். கூகுள் அதை 2023இல் எடுத்துவிட்டது.

நீட்சியை அகற்றியதோடு விடயம் முடிந்துவிடாது. எல்லா இணையத்தளங்களிலும் உள்ள தரவுகளைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி பெற்ற நீட்சியால் நீங்கள் தட்டச்சு செய்த கடவுச்சொற்களையும் படிக்க முடியும். கணினி சுத்தமான பின்னர், அல்லது வேறொரு நம்பகமான கைத்தொலைபேசியிலிருந்து, ஜிமெயிலுக்கும் வங்கிக் கணக்குக்கும் புதிய கடவுச்சொல் இடுங்கள். தொற்று இருக்கும்போதே அதே கணினியில் கடவுச்சொல்லை மாற்றுவது, புதிய சாவியையும் கள்வனிடம் கொடுப்பதற்குச் சமம். நல்ல நீட்சியாயிற்றே என்றும் அசட்டையாக இருக்க இயலாது. பல இலட்சம் பேர் பயன்படுத்திய கிரேட் சஸ்பெண்டர் என்ற நீட்சி வேறொருவர் கைக்கு மாறிய பின், அதில் தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லிக் கூகுள் 2021 பெப்ரவரியில் அதை முடக்கியது. இன்றியமையாத இரண்டு மூன்றை மட்டும் வைத்துக்கொள்வதே என் பழக்கம்.

வினாத்தாள் என்றால் அது பிடிஎப் கோப்பாக வர வேண்டும். நீட்சி சேர்க்கச் சொன்னாலோ, அறிவிப்புகளுக்கு அனுமதி கேட்டாலோ, நிரல்களுக்குரிய ஈஎக்ஸ்ஈ (.exe) என்று முடியும் கோப்பு இறங்கினாலோ பக்கத்தை உடனே மூடிவிடுங்கள். பாடநூல்களைப் பொறுத்தவரை இந்த அலைச்சலே தேவையில்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் அவற்றைத் தன் இணையத்தளத்திலேயே இலவசமாகத் தருகிறது.

கேள்வி: எங்கள் கடையின் வைபையில் இருக்கும்போது எல்லோருடைய கைத்தொலைபேசிகளிலும் சூதாட்டப் பக்கங்கள் இடையிடையே திறக்கின்றன. தொலைபேசியின் சொந்த டேட்டாவில் போனால் அப்படி எதுவும் வருவதில்லை. வைரஸ் நீக்கிகளைப் போட்டுப் பார்த்தும் பயனில்லை.
– கைத்தறிப் புடவை வியாபாரி, மருதமுனை

பதில்: செய்ய வேண்டிய முதற் சோதனையை நீங்களே செய்து முடித்துவிட்டீர்கள். ஒரே வைபையில் எல்லாத் தொலைபேசிகளும் பாதிக்கப்பட்டு, டேட்டாவில் எதுவும் பாதிக்கப்படவில்லை என்றால் குற்றவாளி பெரும்பாலும் ரவுட்டரே. நாம் ஓர் இணையத்தளத்தின் பெயரை இட்டதும், அதன் எண் முகவரியை டிஎன்எஸ் வழங்கி என்ற சேவைக் கணினி ஒன்றிடம் கேட்டறிந்த பின்னரே தொலைபேசி அங்கே செல்கிறது. எந்த வழங்கியிடம் கேட்பது என்பதை வழக்கமாக ரவுட்டரே சொல்லிக் கொடுக்கிறது. வாங்கியபோது இருந்த நிர்வாகக் கடவுச்சொல் மாற்றப்படாத ரவுட்டருக்குள் யாரேனும் புகுந்து அந்த வழங்கியை மாற்றிவிட்டால், தொலைபேசியில் ஒரு வைரஸ்கூட இல்லாமலே எல்லோரும் தவறான இடத்துக்குப் போவார்கள். உங்கள் வைரஸ் நீக்கிகள் எதையும் கண்டுபிடிக்காததற்கு இதுவே காரணம்.

இது புதிய தந்திரமும் அல்ல. டிஎன்எஸ் சேஞ்சர் என்ற தீநிரலைப் பரப்பிய குழுவினர் 2011 நவம்பரில் எஸ்தோனியாவில் கைதானபோது, 100க்கு மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 40 இலட்சம் கணினிகள் அதனால் பாதிக்கப்பட்டிருந்ததாக அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அறிவித்தது. அவர்களுடைய வழங்கிகளை உடனே நிறுத்தியிருந்தால் அத்தனை பேருக்கும் இணையம் அற்றுப் போயிருக்கும் என்பதால், நீதிமன்ற அனுமதியுடன் மாற்று வழங்கிகளை வைத்து 2012 ஜூலை 9 வரை சமாளித்தார்கள்.

முதலில் இணைப்பு வழங்கும் நிறுவனத்தை அழைத்து, உங்கள் இணைப்புக்குரிய பயனர்பெயர், கடவுச்சொல் முதலிய விபரங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மீளமைத்ததும் அவை அழிந்துவிடலாம். பின்னர் ரவுட்டரின் சிறு துளைக்குள் ஊசியை விட்டு அழுத்திப் பிடித்து மீளமையுங்கள். நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, மென்பொருளைப் புதுப்பித்து, வெளியிலிருந்து ரவுட்டரை நிர்வகிக்கும் வசதியை நிறுத்துங்கள். வாடிக்கையாளருக்குத் தனியான விருந்தினர் வைபை கொடுப்பது நல்லது. இவையெல்லாம் முடியும்வரை கடை வைபையில் வங்கிப் பக்கம் சென்று, தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ் சரியில்லை என்ற எச்சரிக்கை வந்தால் அதைத் தாண்டிச் செல்லவே கூடாது.

கேள்வி: எங்கள் ஆலயத்தின் இணையத்தளத்தைக் கூகுளில் தேடிக் கைத்தொலைபேசியில் திறந்தால் பரிசு விழுந்ததாகச் சொல்லும் பக்கம் வருகிறது என்று வெளிநாட்டில் உள்ள ஊரவர்கள் முறையிடுகிறார்கள். நாங்கள் முகவரியை இட்டுத் திறந்தால் சரியாகவே இருக்கிறது. யாரை நம்புவது?
– பரிபாலன சபை உறுப்பினர், காரைதீவு

பதில்: அவர்களை நம்புங்கள். தளத்துக்குள் புகுந்தவர்கள், தேடுபொறி வழியாகக் கைத்தொலைபேசியில் வருபவர்களை மட்டும் திசைதிருப்பி, முகவரியை நேராக இடுபவர்களுக்கும் நிர்வாகியாக நுழைந்திருப்பவர்களுக்கும் ஒழுங்கான பக்கத்தைக் காட்டும்படி நிரல் எழுதுவது வழக்கம். உரிமையாளர் காணாதிருக்கும் வரை அவர்கள் பிழைப்பு நடக்கும். தளம் வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளில் இயங்குமானால், கூடுதல் வசதிக்காகச் சேர்த்து நெடுநாள் புதுப்பிக்காத செருகுநிரலோ, விலைக்கு விற்பதை எங்கிருந்தோ இலவசமாக எடுத்துப் போட்ட, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் வார்ப்புருவோ வாசலாக இருந்திருக்கக் கூடும். தொல்லைக்கு முந்திய காப்புப்பிரதி இருந்தால் அதை மீட்டு, அனைத்தையும் புதுப்பித்து, அறியாத நிர்வாகிக் கணக்குகளை நீக்கிக் கடவுச்சொற்களை மாற்றுங்கள். அனுமதியின்றிக் கணினிக்குள் புகுவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றமாகும். இத்தகைய முறைப்பாடுகளை கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு 101 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம்.

கேள்வி: விண்டோஸ் 7 உள்ள பழைய மடிக்கணினிக்குப் பணம் கொடுத்து வைரஸ் நீக்கி வாங்கலாமா?
– மாணவன், பொத்துவில்

பதில்: வேண்டாம். விண்டோஸ் 7க்கான பொதுவான பாதுகாப்புப் புதுப்பித்தல்களை மைக்ரோசொப்ட் 2020 ஜனவரியில் நிறுத்திவிட்டது. குரோமும் அதில் 109ஆம் பதிப்புடன் நின்றுவிட்டது. அதனால் அடைக்கப்படாமல் கிடக்கும் பாதுகாப்பு ஓட்டைகளை வைரஸ் நீக்கியால் அடைக்க முடியாது. கணினியில் 4 ஜிபி நினைவகம் இருந்தால் விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டை நிறுவி, அதிலுள்ள பயர்பொக்ஸ் உலாவியில் யூபிளொக் ஒரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போலித் தரவிறக்கப் பொத்தான்களில் பெரும்பாலானவை விளம்பரங்களாகவே வருவதால், அவை உங்கள் கண்ணிலேயே படாமற் போகும்.