கல்லோவின் கோமாளிகள்: மேடைப் பதிவும் அல்ல, உளி வேலையும் அல்ல

கேள்வி: 17-ஆம் நூற்றாண்டு அச்சோவியர் ழாக் கல்லோவின் ‘பல்லி தி ஸ்ஃபெஸானியா’ படங்கள், இத்தாலிய முகமூடி நாடகமான ‘கொமேதியா தெல்லார்தே’ மேடையை அப்படியே பதிவுசெய்த செப்புச் செதுக்கல்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அன்றைய நடிகர்களின் உடைக்கும் நடிப்புக்கும் இவற்றைச் சான்றாகக் கொள்ளலாமா?

பதில்: கூடாது. அந்த ஒரு வாக்கியத்திலேயே இரண்டு பிழைகள்.

கல்லோ 1621-ல் பிளாரன்ஸை விட்டுச் சொந்த ஊரான நான்சிக்குத் திரும்பினார். இத்தாலியில் போட்ட கோட்டோவியங்களை வைத்துக்கொண்டு இந்த 24 செப்புத் தட்டுகளை அங்கேதான் முடித்தார். ஸ்ஃபெஸானியா என்பது நேப்பிள்ஸ் ஆட்டம். ஸ்காப்பினோ, ஸ்கராமுச்சியா போன்ற மேடைப் பெயர்கள் தொடரில் உண்டு. ஆனால் அந்த நாடகத்தின் முக்கியப் பாத்திரங்களில் பந்தலோனே இல்லை, தொத்தோரே இல்லை, அர்லெக்கினோவும் இல்லை. இவர்களில் ஒருவர்கூட இல்லாத தொடரை நாடகக் குழுவின் ஆவணம் என்பது எப்படிப் பொருந்தும்? பந்தலோனேயைக் கல்லோ அறியாதவரும் அல்ல. அவருக்கென்றே தனித் தட்டு போட்டவர்.

அடுத்தது ‘செதுக்கல்’. தட்டு ஏறத்தாழ 7 × 9 செ.மீ. தொடரில் வரும் தாலியா கன்தோனியும் ஃப்ரகாஸோவும் வாளோடு நிற்கும் படத்தில் ஒரு கால் கோட்டை உருப்பெருக்கியில் பாருங்கள். மெலிதாகத் தொடங்கித் தடித்து மீண்டும் மெலிகிறது. செம்பை நேரே வெட்டும் பியூரின் உளியின் வேலைபோலத் தோன்றினாலும், அது எஷோப் என்ற எஃகு ஊசி இழுத்தது. அதன் நுனி சாய்வாக வெட்டப்பட்டு முட்டை வடிவ முகமாக இருக்கும். இழுக்கும்போதே விரலிடையில் உருட்டினால் கோடு தடிக்கும். அது செம்பை வெட்டுவதில்லை, அமிலம் தீண்டாதபடி தட்டில் பூசிய மேற்பூச்சை மட்டும் விலக்குகிறது. பள்ளம் பறிப்பது அமிலம்.

இந்த வித்தை பலித்ததற்கு அந்தப் பூச்சே காரணம். மெழுகுப் பூச்சில் நெருக்கமான கோடுகளின் இடைப்பகுதி பெயர்ந்துவிடும். அமிலம் உள்ளே புகுந்து எல்லாம் ஒரே கறையாகும். கல்லோ எடுத்துக்கொண்டது லூட் என்ற நரம்பிசைக் கருவி செய்பவர்களின் வார்னிஷ்: ஆளிவிதை எண்ணெயும் மாஸ்டிக் பிசினும். தட்டில் பூசிச் சூடாக்கி இறுக்க வேண்டும். சூடு குறைந்தால் பிசுபிசுக்கும், மிஞ்சினால் சில்லுசில்லாகத் தெறிக்கும். சரியாக இறுகிவிட்டால் நீண்ட அரிப்பையும் தாங்கும். முதலில் சிறிது நேரம் அரித்துவிட்டு, பின்னணிக் கூட்டத்தின் மேல் கொழுப்புக் கலவை பூசி மறைத்து, முன்னால் நிற்கும் இருவரை மட்டும் மேலும் அரிப்பார்கள். தொலைவில் சில மில்லிமீட்டர் உயரமே உள்ள ஆட்களும் தெளிவாக நிற்பது இதனால்தான். கல்லோ 1635-ல் மறைந்த பின், 1645-ல் பிரெஞ்சு அச்சோவியர் ஆப்ரஹாம் போஸ் இம்முறையை நூலாகவே எழுதிவைத்தார்.

அடுத்த முறை பார்க்கும்போது கோட்டின் முனையை வைத்து முடிவு கட்டாதீர்கள். எஷோப் அங்கேதான் ஏமாற்றும். ஓரத்தைப் பாருங்கள்: உளி வெட்டியது வழவழப்பாக இருக்கும், அமிலம் அரித்தது சற்றே சொரசொரக்கும். பின்னணிக் கூட்டம் மங்கி முன்னால் நிற்பவர்கள் மட்டும் கறுப்பாகத் தெரிந்தால், தட்டு தேய்ந்தபின் எடுத்த அச்சு என்று சந்தேகியுங்கள். ஆழம் குறைந்த கோடுகளே முதலில் தேயும்.