மரண தண்டனை இருந்தால் பெரிய குற்றங்கள் குறையுமா?

"சிங்கப்பூரில் தூக்கு இருக்கிறது, அதனால்தான் அங்கே நிம்மதியாக நடமாட முடிகிறது" என்று கேள்வியிலேயே எழுதியிருக்கிறீர்கள். நிம்மதி உண்மைதான். என் மகள் இரவு பதினொரு மணிக்கு எம்ஆர்டி ரயிலிலிருந்து இறங்கித் தனியாக நடந்து வருகிறாள், எனக்குக் கவலை இல்லை. அந்த "அதனால்தான்" என்ற சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நான் சிங்கப்பூரின் வடக்கே, மலேசிய எல்லையை ஒட்டிய உட்லண்ட்ஸில் இருக்கிறேன், வேலை கிராஞ்சிப் பக்கம் ஒரு கிடங்கில். எங்களோடு வேலை பார்க்கும் பையன்களில் பாதிப் பேர் மலேசியாவின் ஜோகூர் பாருவிலிருந்து விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் கிளம்பி எல்லைப் பாலம் தாண்டி வருகிறவர்கள். சில வருடங்களுக்கு முன் அவர்களில் ஒருவன் சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். ஆலோங்கிடம், அதாவது சட்டவிரோதமாக வட்டிக்கு விடுகிறவனிடம், கடன் வாங்கியிருந்தான். வட்டி ஏறி, வீட்டுக் கதவில் சிவப்புப் பெயிண்ட் ஊற்றுகிற அளவுக்கு வந்துவிட்டது. "அண்ணே, ஒரு பொட்டலம் கொண்டாந்து குடுத்தா பாதிக் கடனைக் கழிச்சிக்கிறேங்கிறாங்க" என்றான்.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. "தூக்குடா தம்பி" என்றேன். அது அவனுக்குத் தெரியாததா? "சின்னப் பொட்டலந்தாண்ணே, மாட்ட மாட்டேன்னு சொல்றாங்க" என்றான். உள்ளே என்ன, எத்தனை கிராம், எதுவும் தெரியாது. அப்புறம் நான் பாலத்துச் சோதனையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். வண்டியைப் பிரித்துப் பார்ப்பதை, மோப்ப நாயை, நான் கண்ணால் பார்த்ததை எல்லாம். அப்போதுதான் அவன் முகம் மாறியது. "அப்ப பிடிச்சிருவாங்களாண்ணே?" என்று இரண்டு முறை கேட்டான். தூக்கில் போடுவார்களா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நாங்கள் நாலு பேர் பணம் போட்டு, அவன் மாமாவை வரவழைத்துப் பேசி, அந்தக் கடனை முடித்தோம்.

பிடிபடுவோம் என்ற பயம் வேறு, சாவோம் என்ற பயம் வேறு. இரண்டாவது பயம் முதல் பயத்தின் மேல்தான் நிற்கிறது. மாட்டவே மாட்டோம் என்று நம்புகிறவனுக்குப் பத்து வருடச் சிறையும் தூக்கும் ஒன்றுதான்.

சட்டம் எப்படி என்பதையும் பாருங்கள். 1975 முதல், கலப்படம் போக 15 கிராமுக்கு மேல் சுத்தமான ஹெராயின் கடத்தினால் மரண தண்டனை. அந்தச் சுத்த எடை ஆய்வகத்தில்தான் தெரியவரும். பொட்டலத்தைக் கட்டியவன் ஓரளவு அறிவான். தொடையில் கட்டிக்கொண்டு வருகிற பையனுக்கு எப்படித் தெரியும்?

அரசாங்கத்தின் பக்கத்தையும் சொல்ல வேண்டும், அதை நான் தள்ளிவிடவில்லை. 1990இல் 1,200 கிராமுக்கு மேல் அபின் கடத்தினால் கட்டாய மரண தண்டனை என்று வந்தது. அடுத்த நான்கு ஆண்டுகளில் கடத்தப்பட்ட அபினின் சராசரி எடை 66 விழுக்காடு குறைந்ததாக உள்துறை அமைச்சு சொல்கிறது. சரி, அப்படியானால் யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஆனால் எடையை முடிவு செய்கிறவன் அனுப்புகிறவன். ஒரு பையனிடம் கொடுத்ததை மூன்று பையன்களிடம் பிரித்துக் கொடுத்தாலும் அந்தச் சராசரி குறையத்தான் செய்யும்.

அதோடு, ஹெராயினுக்கான கயிறு 1975இலேயே வந்துவிட்டது. அப்படியிருந்தும் 1990களின் நடுவில் ஆண்டுக்கு 6,000க்கும் மேற்பட்ட போதைப் புழங்கிகள் பிடிபட்டார்கள். அதில் என் அக்கா வீட்டுக்காரரும் ஒருவர். மறுவாழ்வு நிலையத்துக்கு மூன்று முறை போய்விட்டு வந்தார். அக்காவின் தாலிக்கொடிகூட மிஞ்சவில்லை. ஆகவே கடத்துகிறவர்களுக்காக நான் பரிந்து பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். இன்று அந்த எண்ணிக்கை பாதியளவுக்கு வந்திருக்கிறது. ஆனால் இடையில் சிறுநீர்ச் சோதனையும் கண்காணிப்பும் இருந்தன, 1998 முதல் மீண்டும் மீண்டும் பிடிபடுகிறவர்களுக்கு நீண்டகாலச் சிறையும் வந்தது. குறைந்ததற்கான பெருமையைக் கயிற்றுக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது?

கொலைக்கு வருவோம். ஹாங்காங் நம்மைப் போலவே நெரிசலான துறைமுக நகரம். அங்கே 1966க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை, 1993இல் தண்டனையையே நீக்கிவிட்டார்கள். சிங்கப்பூரில் 1990களின் நடுவில் தூக்குகள் பல மடங்கு கூடி, பிறகு வெகுவாகக் குறைந்தன. சிம்ரிங், ஃபேகன், ஜான்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1973க்குப் பிந்தைய 35 ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரு நகரங்களிலும் கொலை விகிதம் ஏறக்குறைய ஒரே போக்கில்தான் போயிருக்கிறது.

எனக்கு மிகவும் வலிப்பது 2013இல் வந்த மாற்றம். பொருளைச் சுமந்து வந்தவர் மட்டும்தான் என்று நிரூபித்து, கடத்தலை முறியடிக்கக் கணிசமாக உதவியதாக அரசுத் தரப்பு சான்றிதழும் கொடுத்தால், நீதிபதி ஆயுள் தண்டனையும் பிரம்படியும் விதிக்கலாம். நல்ல நோக்கம்தான். ஆனால் சொல்வதற்கு ஏதாவது தெரிந்திருக்க வேண்டுமே! பாலத்தில் நிற்கும் பையனுக்குத் தெரிந்தது ஒரு பட்டப்பெயரும் ஒரு கைப்பேசி எண்ணும். 2009இல் உட்லண்ட்ஸில் பிடிபட்ட மலேசியாவின் ஈப்போ இளைஞனிடம் இருந்தது 42.72 கிராம் ஹெராயின். அவனுடைய நுண்ணறிவு எண் (ஐக்யூ) 69 மட்டுமே என்பது நீதிமன்றத்தில் பேசப்பட்டது. சான்றிதழ் கிடைக்கவில்லை. 2022 ஏப்ரலில் சாங்கி சிறையில் தூக்கிலிட்டார்கள். அந்த ஆண்டில் தூக்கிலிடப்பட்ட 11 பேரும் போதைப்பொருள் வழக்குகளில் வந்தவர்கள்.

பாலத்தில் சோதனையை இன்னும் கடுமையாக்கட்டும், நான் வரிசையில் ஒரு மணி நேரம் கூடுதலாக நிற்கத் தயார். ஆனால் "கட்டாயம்" என்ற சொல்லை மலேசியா 2023இல் எடுத்துவிட்டதுபோல நாமும் எடுக்க வேண்டும். எதிரே நிற்பவன் யார், யார் அனுப்பி வந்தான் என்று பார்த்து நீதிபதி முடிவு செய்யட்டும்.