குடும்பக் கஷ்டத்தைச் சொன்னால் திருட்டு வழக்கில் தண்டனை குறையுமா?

கேள்வி: மட்டக்களப்பில் கடையொன்றில் வேலை செய்த என் தம்பி (வயது 22) லாச்சியில் இருந்த காசை எடுத்து அகப்பட்டுவிட்டான். அடுத்த தவணையில் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறான். அப்பா இல்லை, அம்மா நோயாளி. இதையெல்லாம் நீதிமன்றம் பார்க்குமா?

பார்க்கும், சகோதரி. ஆனால் "கஷ்டப்பட்ட குடும்பம் ஐயா" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு அல்ல. பதினாறு வருடமாக இந்த மாவட்டத்து நீதவான் நீதிமன்றங்களில் சட்டத்தரணியாக நிற்கிறேன். அந்த வரியை ஒரே காலையில் பல தடவை கேட்டிருக்கிறேன். நீதவானும் கேட்டிருப்பார்.

முதலில் குற்றப்பத்திரத்தில் எந்தப் பிரிவு என்று பாருங்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 367ஆம் பிரிவு என்றால் 3 வருடம் வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். வேலையாள் முதலாளியின் பொருளை எடுத்ததாக 370ஆம் பிரிவில் போட்டிருந்தால் உச்சம் 7 வருடம். நம்பி லாச்சியை விட்டுக்கொடுத்த இடத்தில் கைவைத்ததைச் சட்டமே பாரமாக எடுக்கிறது. அதற்காகப் பயந்துவிடாதீர்கள், நீதவான் நீதிமன்றத்தின் வழமையான சிறை அதிகாரம் 2 வருடம்தான்.

உங்களுக்கு வேண்டியது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் இருக்கிறது. 303ஆம் பிரிவின்படி 2 வருடத்துக்கு மேற்படாத சிறைத்தண்டனையை ஒத்திவைக்கலாம்; அதாவது, குறித்த காலத்துக்குள் வேறு குற்றம் செய்யாவிட்டால் அந்தச் சிறைக்குப் போகத் தேவையில்லை. குற்றத்தின் பாரம், அவனுடைய பங்கு, முன்னைய நடத்தை, பறிகொடுத்தவருக்கு வந்த நட்டம், குற்றத்தை ஒப்புக்கொண்டானா என்பதெல்லாம் அங்கே கணக்கில் வரும். ஒத்திவைப்பதானால் அதற்கான காரணத்தை நீதவான் எழுத்தில் பதியவேண்டும். எழுதுவதற்கு அவர் கையில் ஏதாவது இருக்கவேண்டாமா? நீங்கள் கொண்டுபோகும் கடதாசிதான் அது.

ஏழெட்டு வருடத்துக்கு முன் ஒரு தாய் வந்தார். மகன் சைக்கிள் திருட்டு. அவனுக்கு வலிப்பு நோய் என்று எனக்குத் தெரியாது, நானும் கேட்கவில்லை. தீர்ப்பு முடிந்து வெளியே வந்தபிறகு, மடியில் சுருட்டி வைத்திருந்த சொப்பிங் பையை அவிழ்த்தார். உள்ளே கிளினிக் கொப்பி, ஓரம் நைந்து, மாதம் தவறாமல் திகதி போட்டிருந்தது. "இதெல்லாம் தேவைப்படுமெண்டு எனக்குத் தெரியாதே ஐயா" என்றார். அவன் அதற்குள் சிறைச்சாலை பஸ்ஸில் ஏறிவிட்டான். அன்றிலிருந்து, கட்சிக்காரர் முதல்நாள் கதிரையில் இருந்ததும் நான் கேட்பது அந்தப் பையைத்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. படுவான்கரையில் மேட்டுநிலத் தோட்டமொன்றில் தண்ணீர் இறைக்கிற மோட்டரைத் திருடிய ஒருவருக்காக நின்றேன். மூன்று பிள்ளைகள், நுண்கடன், கூலி வேலையும் இல்லை. எல்லாம் உண்மை. சொல்லி முடித்ததும் நீதவான் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மோட்டர் இல்லாமல் அந்த மனுசனுடைய மிளகாய்க்கு என்ன நடந்தது?" முறைப்பாட்டாளர் பின்வாங்கில் இருந்தார். அவரும் நகையை அடகு வைத்துத்தான் தோட்டம் செய்திருந்தார். 1950களில் பஸ்நாயக்க நீதியரசர் 'சட்டமா அதிபர் எதிர் எச்.என்.டி சில்வா' வழக்கில் எழுதியதை இன்றும் எடுத்துக்காட்டுவார்கள்: தண்டனையைக் குற்றவாளியின் பக்கமிருந்தும் பொதுமக்களின் பக்கமிருந்தும் பார்க்கவேண்டும், நீதிபதிகள் குற்றவாளியின் பக்கத்தை மட்டும் பார்த்துவிடுகிறார்கள் என்று. படித்த காலத்தில் அது எனக்குக் கடுமையாகப் பட்டது. அந்தப் பின்வாங்கைப் பார்த்த பிறகு அப்படிப் படவில்லை.

ஆகவே உங்கள் தம்பி விடயத்தில் அம்மாவின் நோயைவிட முன்னால் நிற்கப்போவது அந்தக் காசு திரும்பி வந்ததா என்பதுதான். முழுவதும் முடியாவிட்டால் பாதியாவது. நட்டஈடு கட்டச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடவும் முடியும், ஆனால் உத்தரவுக்கு முன்பே கொடுத்தவனை அது வேறு கண்ணால் பார்க்கிறது. அடுத்தது முற்குற்ற அறிக்கை. கைரேகை அனுப்பி எடுப்பார்கள், பழைய வழக்கு இருந்தால் மறைக்காமல் சட்டத்தரணியிடம் சொல்லிவிடுங்கள். வயது 22 என்பதும், விசாரணை வரை இழுக்காமல் ஒப்புக்கொள்வதும் அவனுக்குப் பலம்.

அதே குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவைப் பற்றியும் உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள். குணநடை, வயது, உடல்நிலை, குற்றத்தின் சிறுமை போன்றவற்றைப் பார்த்து, குற்றத் தீர்ப்பைப் பதியாமலே நிபந்தனையோடு விடுவிக்க அதில் இடமிருக்கிறது. முதலாளியை ஏமாற்றிய வழக்கில் லேசில் கிடைக்காது. ஆனால் கட்டாருக்குப் போகப் பொலிஸ் றிப்போட் எடுக்கிற வயதுப் பிள்ளைக்குக் கேட்டுப் பார்க்காமல் விடக்கூடாது. சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளையும் 1999 முதல் சட்டத்தில் உண்டு. சிறைக்குப் பதிலாக மேற்பார்வையில் வேலை. தண்டப்பணம் மட்டும் என்றால் நிம்மதிப்பட்டுவிடாதீர்கள், கட்ட வழியில்லாமல் உள்ளே போனவர்கள் நம் சிறைகளில் ஏராளம். தவணை முறையில் கட்ட அனுமதி கேட்கலாம்.

தவணைக்கு முன் அம்மாவின் கிளினிக் கொப்பி, கிராம சேவகரின் கடிதம், அடகுச் சீட்டு, தங்கச்சி தம்பி படிக்கிற பாடசாலைக் கடிதம், இனி அவனை வேலைக்கு எடுக்க யாராவது தயார் என்றால் அவருடைய கடிதம், எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். காசைத் திருப்பிக் கொடுக்க நீங்களாகக் கடைக்குப் போகவேண்டாம், சாட்சிக்காரரை மசியவைக்கப் போனதாக ஆகிவிடும். சட்டத்தரணி மூலம் நீதிமன்றத்தில் கட்டி, பற்றுச்சீட்டையும் அந்தக் கடதாசிகளோடேயே வையுங்கள்.