பள்ளி ரிக்கார்டரை வைத்துவிட்டு ஆல்ட்டோ வாங்குங்கள்

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "மகளுக்கு 13 வயது. பள்ளியில் ரிக்கார்டர் என்கிற மேற்கத்தியக் குழல் வாசிக்கிறாள், மாட்டுங்காவில் மூன்று வருடமாகப் புல்லாங்குழல் வகுப்புக்கும் போகிறாள். ரிக்கார்டரில் ஒருவர் உறுமி, சீறி, பாடிக்கொண்டே ஊதுகிற வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, அந்த மாதிரி நவீன இசைதான் கற்பேன் என்கிறாள். எனக்கு அது தண்ணீர் நின்ற பிறகு குழாயில் காற்று வருகிற சத்தமாகத்தான் கேட்கிறது. இதற்கு என்ன கருவி வாங்குவது, எதில் தொடங்குவது? புல்லாங்குழல் கெட்டுவிடாதா?"

அந்தக் குழாய்ச் சத்தமும் தாளில் எழுதி வைத்ததுதான், அம்மா. எந்த இடத்தில், எவ்வளவு நேரம், எவ்வளவு காற்றோடு என்பதெல்லாம் அதில் இருக்கும். ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டு முடிவதற்குள் ரிக்கார்டர் வழக்கொழிந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அர்னால்ட் டோல்மெட்ச் போன்றவர்கள் அதை மீண்டும் செய்து வாசித்தார்கள். ஆனால் நடுவில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அதற்கென்று பெரிதாக யாரும் எழுதவில்லை. டெலிமான், விவால்டி போன்ற பழைய இசையமைப்பாளர்களை மட்டுமே எத்தனை நாள் வாசிப்பது? அதனால் 1960களில் நெதர்லாந்தின் ரிக்கார்டர் கலைஞர் ஃபிரான்ஸ் ப்ருக்கன் தன் காலத்து இசையமைப்பாளர்களை எழுத வைத்தார். 1966இல் இத்தாலிய இசையமைப்பாளர் லூசியானோ பெரியோ அவருக்காக எழுதிய 'ஜெஸ்ட்டி'யில் தொடக்கத்தில் விரல்கள் ஒரு வேலை செய்யும், வாய் வேறொரு வேலை செய்யும், இரண்டும் ஒன்றுக்கொன்று காத்திருக்காது. என்ன சத்தம் வரும் என்று ஊதுபவருக்கே முழுக்கத் தெரியாது. உங்கள் மகள் பார்த்தது இந்தக் குடும்பத்தில் ஒன்றாக இருக்கும்.

சரி, கருவி. ரிக்கார்டர் பல அளவுகளில் வரும். பள்ளியில் கொடுப்பது சோப்ரானோ, அதைவிடப் பெரியது ஆல்ட்டோ, அதைவிடவும் பெரியது டெனர். இந்த இசையில் தனியாக வாசிக்க எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி ஆல்ட்டோவுக்கும் டெனருக்கும்தான். ஆல்ட்டோ வாங்குங்கள். பிரிட்டிஷ் பாடப் புத்தகங்களில் சோப்ரானோவை டெஸ்கன்ட் என்றும் ஆல்ட்டோவை ட்ரெபிள் என்றும் போட்டிருக்கும், குழம்ப வேண்டாம். டெனருக்கு விரல் நன்றாக விரிய வேண்டும், அது பிறகு. யமஹா, ஆலோஸ் இரண்டிலும் பிளாஸ்டிக் ஆல்ட்டோ உண்டு, சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். தோபி தலாவ் இசைக் கடைகளில் கேளுங்கள். வெறுமனே 'ரிக்கார்டர்' என்று கேட்டால் குரல் பதிவுக் கருவியைக் காட்டுகிற ஆட்களும் உண்டு, ஆல்ட்டோ என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

வாங்கும்போது ஒன்றைப் பார்த்தே ஆக வேண்டும்: எந்த ஸ்வரத்துக்கு எந்த விரல் என்கிற அமைப்பு பரோக் வகையா, ஜெர்மன் வகையா? ஜெர்மன் வகை 1920களில் குழந்தைகளுக்கு எளிதாக இருக்கட்டும் என்று வந்தது. ஒரு ஸ்வரம் எளிதாகும், அதற்குப் பதில் வேறு சில ஸ்வரங்கள் சுருதி விலகும். நவீன இசையில் நடுவிலுள்ள ஒரு விரலைத் திறந்து கீழ்விரல்களை மூடுகிற பிடிகள் நிறைய வரும், அவை பரோக் கருவிக்காக எழுதப்பட்டவை. முன்பக்கத் துளைகளை மேலிருந்து எண்ணுங்கள். ஐந்தாவது துளை நான்காவதைவிடச் சிறியதாக இருந்தால் ஜெர்மன், வைத்துவிட்டு வாருங்கள். எனக்கு முதலில் ஒரு கடையில் இதைத்தான் கட்டிவிட்டார்கள். என் காதுதான் சரியில்லை என்று இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புல்லாங்குழல்காரர்களை ஆல்ட்டோ முதல் மாதம் படுத்தும். நமக்கு எந்தச் சுருதிக் குழலை எடுத்தாலும் அதே விரலுக்கு அதே ஸ்வரப் பெயர்தான். மேற்கத்திய ஸ்டாஃப் நொட்டேஷனில் (கோடுகளில் எழுதும் இசைக்குறிப்பு) அப்படி இல்லை. எல்லாத் துளைகளையும் மூடினால் சோப்ரானோவில் ஸி, ஆல்ட்டோவில் எஃப். விரல் பழையது, பெயர் புதியது. திட்டிக்கொண்டே பழகிவிடுவாள்.

அதைவிடப் பெரிய வித்தியாசம் மூச்சில் இருக்கிறது. புல்லாங்குழலில் பலமாக ஊதிச் சுருதி ஏறினால் உதட்டைச் சற்றுத் திருப்பிச் சரிசெய்யலாம். ரிக்கார்டரில் காற்று போகிற வழி கருவிக்குள்ளேயே நிலையாக இருக்கிறது, உதட்டுக்கு அங்கே வேலை இல்லை. கூட ஊதினால் சுருதி ஏறும், குறைத்தால் இறங்கும். அப்படியானால் சத்தத்தைக் குறைத்து வாசிப்பது எப்படி? விரலால்தான். மூச்சைக் குறைக்கும்போது இறங்குகிற சுருதியை, சற்று ஏறின சுருதி தரும் மாற்றுப் பிடியாலோ, ஒரு துளையை இம்மி திறந்தோ ஈடுகட்ட வேண்டும். பலமாக ஊதினால் இதற்கு எதிர்மாறு. நவீன ரிக்கார்டர் வாசிப்பின் பாதி ரகசியம் இதுதான் என்பேன். கமகத்துக்காக மூன்று வருடம் துளையைப் பாதி மூடிப் பழகிய விரல் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

மற்ற வித்தைகளிலும் அவளுக்குக் கொஞ்சம் முன்தொகை கையில் இருக்கிறது. நாக்கை உருட்டி ஊதுவதற்கு ஆங்கிலப் பிள்ளைகள் மாதக்கணக்கில் திண்டாடுவார்கள். நம் குழந்தைகள் ஆட்டோ ஓட்டி விளையாடும்போதே 'டுர்ர்ர்' என்று பழகியவர்கள். வேகமான இரட்டை நாக்குக்கு 'தகதக' போதும், புல்லாங்குழலில் நாக்கால் தட்டி ஊதும் துத்துக்காரம் தெரிந்தவளுக்கு விளக்கவே வேண்டாம். ஊதிக்கொண்டே பாடுவதற்கு, தொண்டையில் ஸட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு அதே சுருதியைக் குழலிலும் ஊதச் சொல்லுங்கள். இரண்டும் இம்மி விலகினால் ஓர் அதிர்வு எழும், அதைக் கேட்டதும் அவளே சிரித்துவிடுவாள்.

எதில் தொடங்குவது? 'ஜெஸ்ட்டி'யில் வேண்டாம். ஆல்ட்டோவில் விரலும் வாயும் சேர்ந்து வேலை செய்யவே பழகாதவள் அவற்றைப் பிரிக்க முடியாது. முதல் ஆறு மாதம் ஆல்ட்டோவில் சாதாரணப் பயிற்சியும் டெலிமானின் மெதுவான ஒரு பகுதியும் போகட்டும். அப்புறம் ஹான்ஸ்-மார்ட்டின் லிண்டெ 1968இல் எழுதிய 'பறவைக்கான இசை'. நாக்குருட்டல், சறுக்கல் எல்லாம் சின்னச் சின்னப் பகுதிகளாக வரும், பயமுறுத்தாது. அதன் பிறகு ரியோஹெய் ஹிரோஸேயின் 'மெடிட்டேஷன்'. ஜப்பானிய ஷகுஹாச்சி குழலின் சாயல் அதில் இருக்கும், நீண்ட ஒற்றை ஸ்வரத்தில் நின்று நிறம் மாற்றுவது நம் காதுக்கு அந்நியமாகவே படாது. டெனர் பிடிக்கிற கை வந்ததும் ஷினோஹாராவின் 'ஃபிராக்மென்டே', அதில் துண்டுகளை எந்த வரிசையில் வாசிப்பது என்பதை அவளே முடிவுசெய்யலாம். எந்தப் படைப்பை எடுத்தாலும் குறியீடுகளின் விளக்கப் பக்கத்தை முதலில் படிக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு ஆள் குறியீடு மாறும். ஜெராக்ஸ் பிரதிகளில் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் காணாமல் போயிருக்கும்.

மும்பைக்கென்று ஒரு தொல்லை உண்டு. ஏசி அறையில் குளிர்ந்த குழலுக்குள் சூடான மூச்சு போனால் காற்றுவழியில் நீர் கோத்துச் சத்தம் அடைத்துப்போகும். ஊதுவதற்கு முன் தலைப்பகுதியைச் சில நிமிடம் அக்குளிலோ உள்ளங்கையிலோ வைத்துச் சூடாக்கட்டும். அப்படியும் அடைத்தால், பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு சொட்டைத் தண்ணீரில் கலந்து காற்றுவழிக்குள் விட்டுக் காயவையுங்கள், நீர் முத்து முத்தாக நிற்காமல் வழிந்துவிடும். மரக் கருவிக்கு இதைச் செய்ய வேண்டாம். அதை இப்போது வாங்கவும் வேண்டாம், மழைக்கால ஈரமும் ஏசி வறட்சியும் மாறி மாறி அதைப் பாடாய்ப்படுத்தும்.

புல்லாங்குழல் கெடாது. உதடு குவிக்கும் பழக்கம் தளரக்கூடும் என்பதால், ஒரே நாளில் இரண்டும் என்றால் புல்லாங்குழல் முதலில், ரிக்கார்டர் பிறகு. ரிக்கார்டரில் வலது கட்டைவிரல் கருவியைத் தாங்க, இடது கட்டைவிரல்தான் பின்துளையைக் கவனிக்கும். மேல் ஸ்தாயிக்கு அந்தத் துளையை நகத்தால் மயிரிழை திறக்க வேண்டியிருக்கும், ஆகவே அந்த நகத்தை ஒட்ட வெட்டச் சொல்லுங்கள். ஒரே ஊதலில் பல ஸ்வரங்கள் எழுப்பும் பயிற்சியை மட்டும் மதியம் இரண்டிலிருந்து நான்குக்குள் வைக்காதீர்கள். பல குடியிருப்பு சொசைட்டிகளில் அது தூக்க நேரம்.